பசுந்தேயிலைச் சாரமும் மாதர் உடற்பருமனும்
(நம் சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பசுந்தேயிலைச் சாரத்தை உண்பதால் பெண்களின் உடற்பருமன் குறையுமா என்பதே இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இஃது அற்ப விஷயமென்று சிலர் எண்ணுதல் கூடும். பெண் பார்க்க வந்தோர் பருமனைச் சுட்டிக் கூறும் ஒரு சொல்லும், பிள்ளைப்பேற்றுக்குப் பின் உற்றார் செய்யும் பரிகாசமும், எத்துணைப் பெண்களை மறைவில் மாத்திரைக் குப்பிகளை நாடச் செய்கின்றன என்பதை உன்னிப் பார்ப்போர் அங்ஙனம் கூறார். கைப்பொருளும் கழிந்து, உடம்புக்கும் ஊறு விளையுமாயின், அதனை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் அவசியமன்றோ?

இந்நாளில் யாவரும் கிரீன் டீ என வழங்கும் பசுந்தேயிலை தனியொரு செடியன்று. கறுப்புத் தேயிலை தரும் அதே செடியின் தளிரைப் பறித்தவுடன் ஆவியிலோ சட்டியிலோ சூடேற்றி, அது கறுத்துப்போகாமல் காப்பர். அதனால் காட்டெசின் என்னும் துவர்ப்புச் சத்துக்கள் இலையில் மிகுதியும் தங்குகின்றன. அவற்றுள் தலைமையானதைச் சுருக்கமாக ஈ.ஜீ.சீ.ஜீ. என்பர். இச்சத்தைத் திரட்டிக் கேப்ஸ்யூலில் அடைத்ததே சாரம். 1999-ஆம் ஆண்டில் ஜெனீவா ஆராய்ச்சியாளர் ஆடவர் 10 பேருக்குச் சாரம் கொடுத்துப் பார்த்ததில், ஒரு நாளில் அவர்கள் உடல் செலவிட்ட சக்தி 100-க்கு 4 பங்கு அளவு மிகுந்தது. கொழுப்பு கரையும் என்னும் நம்பிக்கை பரவியதற்கு இத்தகைய செய்திகளே காரணம். ஆயினும் ஒரு நாட் கணக்கு வேறு. பல வாரங்கள் கழித்துத் தராசு காட்டும் கணக்கு வேறு.

இவ்விரண்டாம் கணக்கைத் தைவான் நாட்டு வைத்தியர்கள் முறைப்படி ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டனர். 16 முதல் 60 வயது வரையுள்ள பருத்த பெண்கள் 100 பேரை அவர்கள் சேர்த்தனர். கிலோக் கணக்கிலுள்ள எடையை, மீட்டர்க் கணக்கிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் ஈவு 27-க்கு மேற்பட்டவர்களே சேர்க்கப்பட்டனர். 1.5 மீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது 60.75 கிலோவுக்கு மேற்பட்ட எடையாகும். அவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சாரமும் மற்றவருக்கு வெறும் நார்ப்பொடியும் நாளைக்கு மூன்று வேளை, 12 வாரம் கொடுத்தனர். உண்டோருக்கும் தெரியாது, கொடுத்தோருக்கும் தெரியாது, எது எவருக்குப் போயிற்று என்பது.

இவ்வளவு மறைவு எதற்கு எனின், மருந்துண்கின்றோம் என்னும் எண்ணமே ஒருவரை உணவில் கட்டுப்படுத்திவிடும். கொடுப்பவர் விருப்பமும் அளவெடுக்கும் கையைச் சாய்த்துவிடும். பொய்ம்மருந்துண்ட பிரிவு அருகில் நின்றாலன்றி, குறைந்த எடை சாரத்தாற் குறைந்ததா, மனத்தாற் குறைந்ததா எனப் பிரித்தறிதல் இயலாது. ‘நான் உண்டேன், இளைத்தேன்’ என்று விளம்பரத்திற் கூறும் ஒருவர் சாட்சி இதனாலேயே போதாது.

விளைந்தது யாது? இறுதிவரை நின்றோர் 78 பேர். சாரம் உண்டோர் குறைந்தது சராசரி 0.15 கிலோ மாத்திரமே. எடையிலும் இடுப்புச் சுற்றளவிலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சாரம் உண்டோர் இரத்தத்தில் தீய கொழுப்புச் சற்றே குறைந்ததென்பது உண்மை. ஆனால் அவர்கள் வந்தது அதற்கன்று.

பின்னர்த் தைவானிலேயே 102 பெண்களைக் கொண்டு, நாளொன்றுக்கு ஈ.ஜீ.சீ.ஜீ. ஏறக்குறைய 857 மில்லிகிராம் என்னும் பேரளவில் மீண்டும் சோதித்தனர். சாரம் உண்டோர் சராசரி எடை 12 வாரத்தில் 76.8 கிலோவிலிருந்து 75.7 கிலோவாயிற்று, குறைந்தது 1.1 கிலோ. 2012-இல் காக்ரேன் என்னும் ஆராய்ச்சிக் கூட்டத்தார், 1945 பேர் அடங்கிய 18 சோதனைகளை ஒருங்கு நோக்கி, எடைக்குறைவு மிகச் சிறிது, பொருட்படுத்தத் தக்கதன்று என முடிவு கூறினர்.

பயன் சிறிதாயினும் தீங்கில்லையே என்பீராயின், அதுவும் சரியன்று. அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்தில் மாதவிடாய் நின்ற பெண்கள் ஆயிரவருக்கு மேற்பட்டோரைக் கொண்டு ஓராண்டு நடத்திய சோதனையில், நாள்தோறும் 843 மில்லிகிராம் கொண்டோருள் 100-க்கு 5 பேருக்குக் கல்லீரற் பரீட்சையில் கேடு காணப்பட்டது. பொய்ம்மருந்துண்டோருள் அது 100-க்கு ஒருவருக்கும் குறைவே. பிரான்சில் இளைப்பதற்கென விற்ற ஒரு சார மாத்திரை 2003-இல் கல்லீரற் கேட்டின் பொருட்டு விலக்கப்பட்டது. நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் சாரமாக உண்பது கல்லீரலுக்கு ஊறு குறிக்கும் என 2018-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிலையத்தாரும் எச்சரித்தனர். எடை சிறிதேனும் குறைந்த அந்த 857 மில்லிகிராம் இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது என்பதை ஓர்க.

இலையை நீரிலிட்டுப் பருகுதல் பொதுவாக அச்சத்துக்குரியதன்று, விரும்புவோர் பருகலாம். ஆயின் அதனை மருந்தென எண்ணிப் பருகவேண்டா. சாரம் உண்டு வருவோர்க்குக் கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் கறுத்தாலும், உடனே அதனை நிறுத்தி வைத்தியரை அடைதல் வேண்டும். உடல் பருப்பதற்குத் தைராய்டுச் சுரப்பியின் தளர்ச்சியும், வேறு நோய்க்கு உண்ணும் சில மருந்துகளுமே காரணமாதலும் உண்டு. அவற்றை ஆராயாது பெண்ணின் வாயைக் குறை கூறுதல் அநீதி.

வள்ளுவனார் மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்தில் ஒரு மருந்தின் பெயரையேனும் கூறாது, பெரும்பாலும் அளவறிந்து உண்டலையே பேசியுள்ளார். அளவான உணவும், நாள்தோறும் நடையும், தக்க வைத்தியர் ஆலோசனையும் வீட்டிலுள்ள அனைவருக்கும் பொதுவாகட்டும். மருமகளை மட்டும் பட்டினியிட்டு, ஏனையோர் விருந்துண்ணும் வீட்டில் எந்தச் சாரமும் பலிக்காது. மூத்தோரே, பரிகாசத்தை விடுங்கள்; இளைய சகோதரிகளே, மறைவில் மாத்திரை உண்பதை விடுங்கள்.