ஆஸ்பத்திரி அரசாங்கத்துக்குப் போனது. பொறுப்பு எங்கே போனது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் தலைவிகளும் கூடிய கூட்டத்தில் மாதர் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசாத கூட்டம் நமக்குக் கிடையாது. இன்றைக்கும் சம்பளத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேசப் போகிறோம்.

2024 ஆம் ஆண்டு செப்டம்பரில் நமது அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அதற்காக எத்தனை நாள் ரோட்டில் நின்றோம் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போய் வந்தால் தாய்க்கு அன்றைக்குப் பேர் இல்லை. துணைக்குப் போன தகப்பனுக்கும் பேர் இல்லை. அதோடு ஆட்டோக் கூலி. அங்கே இல்லாத மருந்துக்குத் துண்டு எழுதித் தருவார்கள், அதை வெளியே பாமசியில் காசு கொடுத்து வாங்க வேண்டும். வைத்தியம் இலவசம் என்று சொல்லும் நாட்டில், நமக்கு மட்டும் அந்த இலவசம் இரண்டு பேரின் நாட்சம்பளத்துக்கு மேல் செலவாகிறது. இது எப்படி வந்தது? நமக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று யாராவது திட்டம் போட்டார்களா? இல்லை. நல்லது என்று நினைத்துச் செய்த ஒரு மாற்றம் பாதியில் நின்றதால் வந்தது. அந்த மாற்றத்தைக் கேட்டவர்களில் நாமும் உண்டு. அதனால்தான் இதை நாமே பேச வேண்டும்.

பழைய கதையிலிருந்து தொடங்குவோம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், 1872 இலேயே, தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று ஒரு சட்டம் வந்தது. 1912 இல் அது விரிவாக்கப்பட்டது. நம்மேல் இருந்த பாசத்தால் வந்த சட்டம் அல்ல அது. ஆள் படுத்துவிட்டால் கொழுந்து ஸ்டோருக்கு வராது. அதனால் தோட்டத்தில் ஒரு டிஸ்பென்சரி, ஒரு மருத்துவிச்சி, பெரிய தோட்டமென்றால் நாலைந்து கட்டில் போட்ட ஆஸ்பத்திரி, பிள்ளை பெற ஓர் அறை என்று ஏற்பாடு வளர்ந்தது. டிஸ்பென்சரியில் இருந்தவரை நாம் ‘டாக்டர் ஐயா’ என்றுதான் கூப்பிட்டோம். அவர் டாக்டர் அல்ல, தோட்ட வைத்திய உதவியாளர். அவர்களில் நடுச்சாமத்தில் மழையில் நனைந்துகொண்டு லயத்துக்கு வந்தவர்களும் உண்டு. எந்த நோய்க்கும் ஒரே வெள்ளைக் குளிசையைக் கொடுத்தவர்களும் உண்டு. எப்படியானவராக இருந்தாலும் அவர் துரையின் ஆள். உண்மையாகவே சுகமில்லை என்று துண்டு எழுதுவதற்கும் துரையின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பிரசவத்தில் சிக்கல் வந்தால் கொழுந்து லொறி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிக் காத்திருந்து போன உயிர்களை நம் பாட்டிமார் பெயர் சொல்லிச் சொல்வார்கள்.

ஆகவே நாட்டின் மற்ற மக்களுக்கு உள்ள வைத்தியம் நமக்கும் வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. அது நியாயமான கோரிக்கை. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1987 இல் மாகாண சபைகள் வந்து, சிறிய வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ் போயின. 1990களிலிருந்து தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதே காலத்தில், 1992 இல், தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. இந்த இரண்டும் ஒன்றாக நடந்ததை மறக்க வேண்டாம்.

நன்மை வந்தது, அதை மறைக்கக் கூடாது. இன்று தோட்டங்களில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் வைத்தியசாலையில்தான் பிறக்கின்றன. தடுப்பூசி தவறுவதில்லை. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். டிக்கோயாவில் இந்திய உதவியோடு 150 கட்டில்களுடன் கட்டிய வைத்தியசாலை 2017 இல் திறக்கப்பட்டது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் காசில்லாமல் அம்புலன்ஸ் வருகிறது. நம் பாட்டிமாருக்கு இவை ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் யாரும் நினைக்காத மூன்று காரியங்களும் கூடவே நடந்தன.

முதலாவது, தோட்டத்துக்குள் இருந்த வைத்தியம் தேய்ந்தது. அரசாங்கம் பொறுப்பேற்கிறது என்ற பேச்சு வந்ததுமே பல கம்பனிகள் கையைக் கழுவத் தொடங்கின. அரசாங்கம் எடுத்தது சில ஆஸ்பத்திரிகளைத்தான். எடுக்காதவற்றைக் கம்பனியும் நடத்தவில்லை. டாக்டர் ஐயா ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வருவதில்லை. ஏனென்றால் அந்தத் தொழிலுக்குப் புதிதாக ஆள் பழக்குவதே அருகிவிட்டது. எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் மேற்கணக்குக்கும் பணிய கணக்குக்கும் சேர்த்து ஒரு டிஸ்பென்சரி இருந்தது. இன்று அந்தக் கதவில் கிழமைக்கு இரண்டு நாள் என்று எழுதிய மட்டை தொங்குகிறது. காய்ச்சல் நாள் பார்த்து வருமா? மலையில் குளவி கொட்டினால் என்ன செய்வது? கொட்டியவுடன் சிலருக்கு மூச்சு அடைக்கும். அந்த நேரத்தில் ஓர் ஊசி உயிரைக் காக்கும். அந்த ஊசியும் அதைப் போடத் தெரிந்தவரும் பத்து மைல் தள்ளி இருந்தால் பிரயோசனம் என்ன?

இரண்டாவது, தூரத்தின் செலவு நம் தலையில் விழுந்தது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனவள் காலையில் மருந்து வாங்கிக்கொண்டு மலைக்குப் போய்விடலாம். டவுனுக்குப் போனால் விடிய நாலு மணிக்கு எழும்பி வரிசையில் நிற்க வேண்டும், திரும்ப மாலையாகும். நீரிழிவுக்கும் பிரஷருக்கும் மாதா மாதம் கிளினிக் போகும் நம் வயதான பெண்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு இழுக்கிறார்கள். கேட்டால், ‘பேர் போயிடும் தாயி’ என்கிறார்கள். பேர் போகக் கூடாது என்று விட்ட மருந்து கடைசியில் காலை எடுப்பதில் போய் முடிகிறது. கிளினிக் கொப்பியைப் பார்க்கும் டாக்டருக்கு, இந்த அம்மா சொல் கேட்காதவள் என்றுதான் தெரியும். அவளுடைய சம்பளத் துண்டை அவர் பார்ப்பதில்லை.

மூன்றாவதைப் பற்றி நம் கூட்டங்களில் பேசுவதே இல்லை. அது தாதிமார். அரசாங்கம் பொறுப்பேற்ற சிறிய ஆஸ்பத்திரிகளுக்குப் புதிய பெயர்ப்பலகை வந்தது, சில இடங்களில் புதிய கட்டடமும் வந்தது. கட்டடம் ஊசி போடாது. இரவு பிள்ளையோடு ஒரு வார்டில் படுத்துப் பார்த்த தாய்மாருக்கு இது தெரியும். ஒரே தாதி வார்டையும் பார்க்கிறார், வருகிற காயத்துக்கும் கட்டுப் போடுகிறார், மருந்தும் கொடுக்கிறார், ரெஜிஸ்டரும் எழுதுகிறார். அந்த நேரத்தில் ஒருவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தால் தாதியும் அம்புலன்ஸில் ஏற வேண்டும். அப்போது வார்ட் யார் கையில்? குளிரும் தூரமும் உள்ள இடங்களுக்கு மாற்றலாகி வருகிறவர்கள் எப்போது திரும்பலாம் என்றுதான் பார்ப்பார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தங்குவதற்கு ஒழுங்கான குவார்ட்டர்ஸ் இல்லை. 2022 இல் நாடு வங்குரோத்தான பிறகு டாக்டர்மாரும் தாதிமாரும் வெளிநாடு போனார்கள். போனவர்களின் இடங்கள் கஷ்டப் பிரதேசங்களில்தான் கடைசியாக நிரப்பப்படும்.

அந்தத் தாதியின்மேல் நமக்குக் கோபம் வேண்டாம். இரண்டு பேரின் வேலையை ஒருவர் செய்வது என்றால் என்ன என்று, மேலதிகக் கிலோவுக்கு ஓடும் நமக்குத் தெரியாதா? அவரும் நம்மைப் போன்ற தொழிலாளிதான்.

இதில் மொழியும் சேர்கிறது. பழைய டாக்டர் ஐயா துரையின் ஆளாக இருந்தாலும் நம் பேச்சு அவருக்குப் புரிந்தது. ‘நெஞ்சு கரிக்குது’ என்பதும் ‘நெஞ்சு அடைக்குது’ என்பதும் ஒன்றல்ல. அதைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல், கையை நெஞ்சில் வைத்துக் காட்டி மருந்து வாங்கி வந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். இப்போது தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தி கேட்கிறார்கள். தாதியரின் தகுதி உயர வேண்டும், அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் உயர்தர விஞ்ஞானம் படிப்பிக்கும் தமிழ்ப் பாடசாலை மலையகத்தில் எத்தனை? ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளை எப்படித் தாதியாக வரும்? தரத்தை உயர்த்த வைத்த வாசற்படி, நம் மொழி பேசும் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டது. அதற்காக யாரும் அதை வைக்கவில்லை. விளைவு அதுதான்.

இவ்வளவுக்கும் காரணம் என்ன? ஆஸ்பத்திரியை ஒப்படைத்தார்கள், பொறுப்பைப் பிரித்து எழுதவில்லை. கம்பனியிடம் போனால், ‘வைத்தியம் அரசாங்கத்தின் வேலை’ என்கிறார்கள். மாகாணத்திடம் போனால், ‘தோட்டத்துக்குள் இருப்பது நிர்வாகத்தின் வேலை’ என்கிறார்கள். பிள்ளைகளைப் பாருங்கள். 2016 இல் நாடு முழுவதும் எடுத்த குடிசன சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள் நாட்டில் 17 வீதம், தோட்டங்களில் 32 வீதம். இந்த வித்தியாசத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் இரண்டு பக்கமும் விரல் நீளும்.

அப்படியானால் பழைய துரை ஆஸ்பத்திரிக்கே திரும்ப வேண்டும் என்கிறோமா? ஒருபோதும் இல்லை. தொடங்கிய மாற்றத்தின் மீதிப் பாதியைக் கேட்கிறோம். ஒவ்வொரு தோட்டத்திலும் தினமும் திறந்திருக்கும் ஒரு முதலுதவி இடம், அதில் பயிற்சி பெற்ற ஒருவர், அதன் செலவில் கம்பனிக்கு எழுத்தில் ஒரு பங்கு. மாதாந்தக் கிளினிக்கை மாதம் ஒரு நாள் தோட்டத்துக்கே கொண்டு வருதல். கிளினிக் கொப்பியைக் காட்டினால் அன்றைய பேர் வெட்டப்படாமல் இருத்தல். சிறிய ஆஸ்பத்திரிகளில் இரவுக்கு இரண்டு தாதியர், அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்தோடு இவையும் மேசையில் வைக்கப்பட வேண்டும் என்று மாதர் பிரிவு கேட்கிறது.

கோரிக்கை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது போதாது. நம் கையில் உள்ள சிலவற்றை இன்றே தொடங்கலாம்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தமிழில் ஒரு கடிதம் எழுதி மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்கலாம்: எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுமதிக்கப்பட்ட தாதியர் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை? தருகிறார்களா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். ‘ஆள் இல்லை’ என்று சத்தம் போடுவதும், ‘அனுமதி இத்தனை, வெற்றிடம் இத்தனை’ என்று தாளைக் காட்டுவதும் ஒன்றல்ல. படிவமும் மாதிரிக் கடிதமும் சங்கக் காரியாலயத்தில் தருவோம்.

தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் சேவை கிடைக்காத ஒவ்வொரு தடவையும் திகதி, நேரம், இடம் எழுதி வையுங்கள். அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். எந்தத் தனி ஆளையும் தண்டிக்க அல்ல, தமிழ் தெரிந்த ஒருவரை அந்த இடத்துக்குக் கேட்பதற்காக.

அம்புலன்ஸ் லயத்துக்கு வராமல் நிற்கும் பாதை எது என்று ஒவ்வொரு கமிட்டியும் எழுதித் தாருங்கள். முன்பு தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2018 இல் அது திருத்தப்பட்டது. இனி அந்தச் சாட்டு செல்லாது.

கடைசியாகத் தாய்மாருக்கு ஒன்று. சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகச் செய்த பெண் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்ப அவசரப்பட வேண்டாம். விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை தூரம் என்றால் எங்களிடம் வாருங்கள், தங்கிப் படிக்க வழி இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம். அந்தப் பிள்ளை தாதியாக வந்து ஒரு வார்டில் நின்றால், ‘நெஞ்சு அடைக்குது’ என்று சொல்லும் கிழவிக்கு அதுவே பாதி மருந்து.

ஆஸ்பத்திரி நமக்கு யாரும் தந்த தர்மம் அல்ல. அதற்கும் சேர்த்துத்தான் மூன்று நான்கு தலைமுறையாக இந்த மலையில் கொழுந்து பறித்திருக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டமும் மூன்று விபரம் கொண்டு வாருங்கள்: டிஸ்பென்சரி கிழமைக்கு எத்தனை நாள் திறக்கிறது, கிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போய் வர என்ன செலவு, அம்புலன்ஸ் எதுவரை வருகிறது. அந்தத் தாள்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போவோம்.