படிப்புக்கு நேரம் கேட்பதும் சங்க வேலைதான்

(கிளை இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உயர்தரப் பெறுபேறு வந்ததும் லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். பிள்ளையை வேலைக்கு அனுப்புவதா, மேலே படிக்க வைப்பதா? பல்கலைக்கழக அனுமதி கிடைத்த பிள்ளைக்கு ஒரு வழி திறந்துவிட்டது. கிடைக்காத பிள்ளைகள்தான் நம்மிடம் அதிகம். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வேலையும் வேண்டும், படிப்பும் வேண்டும். வேலை செய்துகொண்டே படிக்கும் அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

படிப்பு நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. 1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியேதான் நின்றன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. மற்றவர்களுக்கு முன்னதாகவே திறந்த கதவு நமக்கு ஒரு தலைமுறை தாமதமாகத் திறந்தது. அந்த இடைவெளியைத்தான் நமது பிள்ளைகள் இரவு கண்விழித்து அடைக்கிறார்கள்.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். எங்களில் பலர் 2015இல் ஆசிரியர் உதவியாளர்களாக நியமனம் பெற்றவர்கள். மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபாய், பிறகு 10,000 ரூபாய். பாடசாலையில் முழு ஆசிரியரின் வேலையைச் செய்தோம், பயிற்சியையும் முடிக்க வேண்டியிருந்தது. பஸ் காசுக்கும் போட்டோ பிரதிக்கும் போக, வீட்டுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. அந்த நாட்களில் ஒரு விஷயம் எங்களுக்கு விளங்கியது. வேலையும் படிப்புமாக இருக்கிறவர் பாதியில் நிற்பது மூளை இல்லாததால் அல்ல. நேரம் இல்லாததால்தான்.

நேரம் தொழிற்சங்கத்துக்குப் புதிய விஷயமா? மே தினம் எதிலிருந்து வந்தது? 1886இல் சிக்காகோ தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். வேலைக்கு எட்டு, தூக்கத்துக்கு எட்டு, மிச்ச எட்டு தொழிலாளியின் சொந்த வாழ்க்கைக்கு. நமது பிள்ளைகள் படிப்பது அந்த மிச்ச எட்டில்தான். அதை யாராவது பிடுங்கினால் அது சங்கப் பிரச்சினை.

கொழும்பில் கடையிலும் அலுவலகத்திலும் நிற்கும் தம்பி தங்கைகள் கவனமாகக் கேளுங்கள். உங்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. சாப்பாட்டு நேரம் நீங்கலாக ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலை. கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்துடன் விடுமுறை. சேர்ந்த அடுத்த வருடத்திலிருந்து 14 நாள் வரை வருடாந்த விடுமுறையும், அதற்கு மேல் 7 நாள் வரை சொந்தத் தேவைக்கான விடுமுறையும் உண்டு. பரீட்சைக்கு நீங்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. பரீட்சை அட்டவணை வந்த அன்றே பிரதி எடுத்து, விடுமுறை கேட்டு எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேரும்போதே நியமனக் கடிதம் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டினால், முதலாளி 12 வீதம் போட வேண்டும். அதையும் பாருங்கள்.

எங்கே படிப்பது என்று கேட்கிறீர்கள். 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து உருவானது. அங்கே இசட் புள்ளி கேட்பதில்லை. பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் வெளிவாரிப் பட்டமும் உண்டு. ஆனால் பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். தமிழில் படிக்கலாமா? வகுப்பும் பரீட்சையும் எங்கே, எந்தக் கிழமையில்? மொத்தச் செலவு எவ்வளவு? விளம்பரப் பலகையைப் பார்த்துக் கட்டிய காசு திரும்பி வராது. மூன்று வருடப் படிப்பு வேலைக்காரருக்கு ஐந்து வருடம் ஆகலாம். அதைத் தோல்வி என்று யாரும் சொல்லக்கூடாது.

இனி பெற்றோருக்கு. நமது காம்பரா சின்னது. தனி அறை கேட்க முடியாது என்று பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இரவு ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை டீவியை நிறுத்தலாம். இஸ்தோப்பில் ஒரு பல்பு போடலாம். முக்கியமாகப் பெண் பிள்ளைகள். மலையிலிருந்து கொழுந்து எடுத்துவிட்டு வந்தவளும், கடையில் நின்றுவிட்டு வந்தவளும், வந்த உடனே தண்ணீர் எடுக்கிறாள், ரொட்டி சுடுகிறாள், தம்பியின் உடுப்பைக் கழுவுகிறாள். தம்பிக்கும் இரண்டு கை இருக்கிறது. அக்காவின் பரீட்சை மாதத்திலாவது அவன் தண்ணீர் எடுக்கட்டும். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளையிடம், பரீட்சைக் கட்டணம் கட்டும் மாதத்தில் வீட்டுக்குக் காசு குறைந்தால் கோபப்படாதீர்கள்.

கடைசியாக நமது சங்கம். மலையில் வேலை செய்துகொண்டு படிக்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பரீட்சைக்குப் போன நாளுக்கு அவர்களுக்குப் பேர் விழாது. சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, பரீட்சை நாளுக்குச் சம்பளத்துடன் விடுமுறை என்பதையும் கோரிக்கையாக வைக்க வேண்டும். தோட்டத்தில் மாலையில் பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடத்தைப் படிக்கிறவர்களுக்குத் திறந்துவிடும்படி துரையிடம் கிளை எழுதிக் கேட்க வேண்டும். வெளிச்சமும் நாலு மேசையும் போதும். பாடம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களாகிய நாங்கள் கிழமையில் இரண்டு நாள் வருகிறோம்.

ஆனால் வெறுங்கையோடு போய்க் கேட்க முடியாது. நமது தோட்டத்தில் எத்தனை பேர் வேலை செய்துகொண்டே படிக்கிறார்கள் என்ற கணக்கு இன்று கிளையிடம் இல்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு லயத்திலிருந்தும் பெயர், படிப்பு, வேலை நேரம், பரீட்சை மாதம் ஆகியவற்றை எழுதிக் கொண்டுவாருங்கள். அந்தப் பட்டியலோடுதான் கமிட்டித் தலைவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இன்றிரவே உங்கள் லயத்தில் எழுதத் தொடங்குங்கள்.