சாணத்தின் விலையும் சட்டத்தின் எடையும்

(பயிலரங்கு உரையின் எழுத்து வடிவம்)



சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பால் விலையைப் பற்றிப் பேசாத விவசாயிகள் கூட்டம் கிடையாது. சாணத்தைப் பற்றிப் பேசிய கூட்டமோ அரிது. கொட்டகையில் நாள்தோறும் பாலை விட அதிகமாகச் சேர்வது சாணம்தான். 400 கிலோ எடையுள்ள கலப்பின மாடு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிலோ வரை சாணம் இடும். மூன்று மாடுகள் வைத்திருக்கும் குடும்பத்திடம் ஆண்டுக்கு 16 டன்னுக்கு மேல் பச்சைச் சாணம் சேர்கிறது. அதை வாருவதும் சுமப்பதும் பெரும்பாலும் பெண்கள். அந்த உழைப்புக்குக் கூலி எந்தக் கணக்கேட்டிலும் இல்லை.

சாணத்திற்கு ஏன் விலை இல்லை? மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து சுமார் அரை விழுக்காடு. அதாவது ஒரு டன்னில் 5 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ 20 கிலோ. ஆகவே நான்கு டன் எருவை வண்டியேற்றி, இறக்கி, பரப்பினால் கிடைக்கும் தழைச்சத்து, 266 ரூபாய் 50 காசுக்குக் கடையில் மூட்டையாகக் கிடைத்துவிடுகிறது. வண்டி வாடகைக்கே அந்தப் பணம் போதாது. எருவில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் உண்டு. ராயலசீமையின் செம்மண்ணுக்கு மிகவும் தேவையான கரிமமும் உண்டு. மானாவாரி நிலக்கடலைக்கு ஈரத்தைப் பிடித்து வைப்பது அந்தக் கரிமமே. ஆனால் சந்தை அதற்கு விலை வைப்பதில்லை. லண்டன் மாநகரம் தன் மக்களின் கழிவை வயலுக்குத் திருப்பாமல், பெருஞ்செலவு செய்து தேம்ஸ் நதியில் கொட்டியதை மார்க்ஸ் ‘மூலதன’த்தின் மூன்றாம் தொகுதியில் சுட்டிக்காட்டினார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பித் தராத அதே முறிவு இன்று பால் கிராமங்களின் சாக்கடைகளில் தெரிகிறது.

இந்தச் சாக்கடையின் வழியாகத்தான் சட்டம் உள்ளே வருகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவைத் தொடர்ந்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜூலையில் பால் பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 2021இல் திருத்தியது. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் ஆகியவற்றின் கீழ் இசைவு பெற வேண்டும் என்பது அதன் சாரம். சாணத்தை வாய்க்காலில் விடக்கூடாது என்ற விதியில் தவறேதும் இல்லை. ஏரி நீரைக் குடிப்பவர்களும் ஏழைகளே. ஆனால் பால் பண்ணைக் குடியிருப்புகள் ஆரஞ்சுப் பிரிவில், கோசாலைகள் பச்சைப் பிரிவில்! மாட்டின் சாணம் பக்தியைப் பொறுத்து மாசு குறைவதில்லை. எருக்குழி தோண்ட நிலமில்லாத குடும்பத்திற்கு விதி மட்டும் சென்று சேர்ந்தால் அது சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகாது. மாட்டை விற்கச் சொல்லும் அறிவிப்பாகிவிடும்.

மறுபுறம் ஒன்றிய அரசு ‘கழிவிலிருந்து செல்வம்’ என்கிறது. 2018இல் கோபர்தன் திட்டம் வந்தது. 2023இல், எரிவாயு ஆலைகளில் மிஞ்சும் உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி அறிவிக்கப்பட்டது. ஒதுக்கீடு சுமார் 1,451 கோடி ரூபாய். இந்தத் தொகை ஆலையின் உரத்துக்கு உண்டு. தன் குழியில் எரு மக்கவைக்கும் விவசாயிக்கு இல்லை.

ஆலைக் கணக்கையும் பார்ப்போம். ஒரு டன் அழுத்தப்பட்ட எரிவாயுவுக்கு ஏறத்தாழ 50 டன் சாணம் வேண்டும். ஒரு டன் சாணத்தில் 20 கிலோ வாயு. எண்ணெய் நிறுவனங்கள் தொடக்கத்தில் நிர்ணயித்த கொள்முதல் விலை கிலோவுக்கு 46 ரூபாய். எனவே ஒரு டன் சாணத்தின் வாயு 920 ரூபாய்தான் ஈட்டும். சாணத்துக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் தந்தாலே அது முழுவதும் தீர்ந்துவிடும். அதனால்தான் பெருமுதலாளிகளின் பார்வை சாணத்தின் மீது விழவில்லை, நிலத்தின் மீது விழுகிறது. 2024 நவம்பரில் ஆந்திர அரசு ரிலையன்ஸுடன் 500 ஆலைகள், 65,000 கோடி ரூபாய் என ஒப்பந்தம் செய்தது. தரிசு நிலங்களில் நேப்பியர் புல் வளர்ப்பது அதன் அடிப்படை. அந்தத் தரிசில் இன்று மேய்பவை யாருடைய ஆடுமாடுகள் என்று ஒப்பந்தம் கேட்பதில்லை.

சத்தீஸ்கரில் 2020 ஜூலை முதல் அரசே கிலோ 2 ரூபாய்க்குச் சாணம் வாங்கியது. நிலமற்றோரும் பெண்கள் குழுக்களும் அதில் வருமானம் கண்டனர். மண்புழு உரத்தை விற்பதில் சிக்கல்கள் இருந்தன. ஆயினும் சாணத்துக்கு விலை வைக்க முடியும் என்பது நிரூபணமானது. 2023 இறுதியில் ஆட்சி மாறிய பிறகு கொள்முதல் நின்றது.

சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை 2002இல் மூடப்பட்ட பின் பால் விலையைத் தனியார் நிறுவனங்களே தீர்மானித்து வந்ததை இங்குள்ள மூத்த தோழர்கள் அறிவர். சாணத்திலும் அது நிகழுமுன், கோரிக்கைகளைத் தெளிவாக வைக்க வேண்டும். 1,500 ரூபாய் உதவியில் சாணம் தரும் குடும்பத்துக்குப் பங்கு வேண்டும். ஊராட்சிதோறும் பொது எருக்களம் வேண்டும். சிறு மாடு வளர்ப்போருக்கு இசைவுக் கட்டணம் கூடாது. பால் சேகரிப்பு மையத்திலேயே சாணத்தையும் எடைபோட்டு, பால் பணத்துடன் சேர்த்து மாடு கறப்பவரின் பெயரிலேயே வழங்க வேண்டும்.