காசிமேட்டு மாடியில் ஒரு ஜெல்லி

நேயர்களே, விசேஷ வீட்டுக்குப் பழ ஜெல்லி போடுவது எப்படி என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நான் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ராயபுரத்தில் சமையல் ஆர்டர் எடுக்க ஆரம்பித்த புதிது. காசிமேட்டில் ஒரு நிச்சயதார்த்தம். மே மாதம், மொட்டைமாடியில் பந்தல். ஜெலட்டினைக் கரைத்து, அன்னாசிப்பழத்தை அப்படியே நறுக்கிப் போட்டு, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் தண்ணீராக நிற்கிறது! வேறு வழியில்லாமல் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு பையன், "ஜூஸ் சூப்பர்க்கா, ஸ்ட்ரா இருக்கா?" என்றான்.

அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. ஜெலட்டினோ மாட்டுத் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கிற புரதம். புரதத்தை வெட்டுவதுதான் அந்த நொதிக்கு வேலையே. பப்பாளியும் அப்படித்தான். பழத்தைக் கொதிக்க வைத்துவிட்டால் நொதி செத்துவிடும். ஆனால் வெயிலை என்ன செய்வது? 35 டிகிரிக்குள் ஜெலட்டின் இளகிவிடும். நம்ம ஊர் மே மாதம் 40 தொடுகிறது.

பக்கத்துத் தெருவில் ஒரு பாய் வீட்டம்மா. "நோன்பு திறக்க நாங்க போடுற கடல்பாசியைப் போடேம்மா" என்று ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். கடையில் சைனா கிராஸ் என்று கேட்பீர்களே, அதேதான். இது புரதமே இல்லை, அதனால் அன்னாசியின் பாச்சா பலிக்காது. 40 டிகிரி பக்கம் உறையும். உறைந்தது மறுபடி இளக 85 டிகிரி வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. 1881இல் ஜெர்மனியில், கிருமி ஆராய்ந்த ராபர்ட் கோக்கின் குழுவிலும் இதே தொல்லை. கிருமி வளர்க்கும் ஜெலட்டின் கோடையில் இளகியது. சில கிருமிகள் அதையே தின்று கரைத்தன. உதவியாளர் வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி, தான் ஜெல்லிக்குப் போடுகிற கடல்பாசியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவிலிருந்து வந்த அக்கம்பக்கத்தார் சொல்லித் தெரிந்துகொண்ட சங்கதி அது. இன்றைக்கும் ஆய்வுக்கூடத் தட்டுகளில் அந்தக் கடல்பாசிதான். கோக் எழுதியபோது அந்த அம்மா பேரைப் போடவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை!

நம்ம பக்கமும் ராமநாதபுரம் கடலில் பெண்கள் முங்கிப் பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து இந்தக் கடல்பாசியை எடுக்கிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் மூச்சடக்கிப் பறிப்பது. கடையில் விலை அதிகம் என்று முனகுகிறபோது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐயோ, ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்கிறேன். 10 கிராம் கடல்பாசியை அரை மணி ஊறவைத்து, கால் லிட்டர் தண்ணீரில் ஓர் இழைகூட மிச்சமில்லாமல் காய்ச்சி, சர்க்கரை போட்டு வடிகட்டுங்கள். அரை லிட்டர் இளநீரை வெதுவெதுப்பாக்கிக் கலக்குங்கள். ஜில்லென்று ஊற்றினால் கட்டி தட்டும். வழுக்கை, பழத்துண்டு போட்டுத் தட்டில் ஊற்றிவிடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு என்றால் அடுப்பை அணைத்த பிறகுதான். புளிப்போடு கொதித்தால் பிடிமானம் போய்விடும்.

எண்ணூரோ திருவொற்றியூரோ, உங்கள் வீட்டு மாடியில் யாரும் ஸ்ட்ரா கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.