படத்தின் கீழ் நாலு வரி
(இளைஞர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எழுத்தினாற் சீவிக்க முடியுமோ என்று நம் இளைஞர் சிலர் சென்ற மாதம் நம்மிடம் கேட்டனர். கதையும் கவிதையும் எழுதி அடுப்பெரித்தவர் மிகச் சிலரே. ஆயின், எழுத்தென்று ஒருவரும் மதியாத எழுத்தொன்று உண்டு; அதற்குக் கூலி கிடைக்கும். வியாபாரியின் விலைப்பட்டியற் புத்தகத்திலே படத்தின் கீழ் நிற்கும் நாலு வரிகளையே சொல்கிறோம். அப்புத்தகம் இன்று பெரும்பாலும் கணினித் திரைக்குப் போய்விட்டது. நாலு வரிகள் மட்டும் போகவில்லை.

இத்தொழில் செழித்த இடம் அமெரிக்கா. 1872ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து ஆரன் மொண்ட்கொமரி வார்ட் என்பவர், 163 பொருள்களின் விலையை ஒரே தாளில் அச்சிட்டு நாட்டுப்புறத்துக் கமக்காரருக்கு அனுப்பினார். அவருக்குப் பின் வந்தவர் றிச்சட் சியர்ஸ். மினசோட்டாவிலே சிறியதொரு புகையிரத நிலையத்தில் வேலை பார்த்தவர். 1886இல் அவ்வூர் நகைக்கடைக்காரர் ஏற்க மறுத்த கடிகாரப் பொதியொன்று நிலையத்திற் கிடந்தது. சியர்ஸ் அதைத் தாம் வாங்கி, மற்றை நிலையத்தாருக்கு எழுதி எழுதியே விற்றுத் தீர்த்தார். அடுத்த ஆண்டு சிக்காகோவுக்குப் போய், கடிகாரம் திருத்தும் அல்வா ரோபக் என்பவரைச் சேர்த்துக்கொண்டார். 1894இல் அவர்களுடைய புத்தகம் 322 பக்கம். அதன் வரிகளிற் பெரும்பகுதியைச் சியர்ஸ் தம் கையாலேயே எழுதினார்.

யாருக்கு எழுதினார் என்பதைக் கவனியுங்கள். கடைக்குப் பல மைல் தூரத்திலே, பொருளைத் தொட்டும் பாராமல், தபாலிற் பணம் அனுப்பும் கமக்காரனுக்கு. அவர்களுட் பலர் பிற நாட்டிலிருந்து குடியேறியவர். எந்த மொழியிலும் எழுதலாம், எழுத்துப் பிழையாயினும் பொருள் வந்து சேரும் என்று அப்புத்தகம் அவர்களுக்குத் தைரியம் சொல்லிற்று. பொருளின் எடையையும் கூறிற்று. ஏற்றுகூலி எடையைப் பொறுத்ததல்லவா? வார்ட்டின் புத்தகத்திலும் சற்றே சிறியதாகத் தம்முடையதை அச்சிடுவித்தாராம், வீட்டுப் பெண்கள் அடுக்கும்போது அது மேலே வரும் என்று! கெட்டிக்காரர்தான்.

ஆனால் அதே கையினால் அவர் வேறொன்றும் எழுதினார் என்பர். ஒரு சாய்மணையும் இரண்டு நாற்காலியும் 95 சதத்துக்கு என்று விளம்பரம். பணம் அனுப்பியவர்களுக்கு வந்தவை பொம்மைக்கு உரிய தளபாடங்கள். சின்னஞ்சிறியவை என்ற சொல் பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்ததாம்.

இக்கதையைக் கேட்டு முன்பு நாமும் சிரித்தோம். இப்போது சிரிப்பதில்லை. இத்தொழிலுக்கு வந்த புதிதில், பித்தளைப் பொருள் விற்கும் ஒரு வியாபாரிக்காகக் குத்துவிளக்கொன்றைப் பற்றி எழுதினோம். கம்பீரம் என்றோம், இல்லத்தின் ஒளி என்றோம். உயரம் 9 அங்குலம் என்பதை எழுதவில்லை. அழகைக் கெடுக்கும் என்று நினைத்தோம். மலைநாட்டுத் தாயொருவர் மகளின் கல்யாணத்துக்கென்று அதை வாங்கினார். முதல்நாள் இரவு பொதியை அவிழ்த்தபோது, மணவறைக்கு வாங்கிய விளக்கு கைக்குள் அடங்கிற்று. அயலாரிடம் இரவல் விளக்கு வாங்கி வைத்ததாக எழுதியிருந்தார். ஏச்சு ஒன்றுமில்லை, இரண்டே வரிதான். வியாபாரி பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தக் கடிதத்தை எம்மிடம் தந்தார். சியர்ஸ் செய்தது தந்திரம், நாம் செய்தது கவலையீனம். அந்தத் தாய்க்கு இரண்டும் ஒன்றுதானே.

அன்று தொடக்கம் பொருளைக் கையில் எடுத்து, அளந்து, நிறுத்த பின்பே எழுதுகிறோம். படத்தை மாத்திரம் அனுப்பினால் மறுத்துவிடுவோம். திரும்பி வந்த பொருள்களின் கடிதங்களைக் காட்டும்படியும் கேட்போம். இத்தொழிலுக்கு அதைவிடப் பாடப்புத்தகம் நாம் கண்டதில்லை.

பனையோலைப் பெட்டி ஒன்றை எடுப்போம். எழில்மிகு, கண்கவர், பாரம்பரியம் என்ற சொற்கள் தாமே பேனாவுக்கு ஓடிவரும். ஓடி வரட்டும், பிறகு வெட்டிவிடுங்கள். சார்வோலையால் இழைத்தது, மூடியுடன் நீளம் 10 அங்குலம், அகலம் 7, உயரம் 4, விளிம்பிலே சிவப்புச் சாயவோலை இரண்டு வரிசை, நனைத்துக் கழுவலாகாது, ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துக. வாங்குபவர் கேட்கக்கூடிய கேள்வி இன்னும் ஏதும் உண்டோ? உண்டு. மூடி இறுகப் பொருந்துமா? அதையும் எழுதுக. இவ்வளவும் சொன்னபின் இடமிருந்தால், பாட்டி தையற் சாமான் வைத்த பெட்டி போன்றது என்று ஒரு வரி சேர்க்கலாம். அந்த வரிதான் சிலவேளை விற்கும் என்பதையும் நாம் மறுக்கவில்லை.

வேலை தேடுவது எப்படி? வீட்டிலுள்ள மூன்று பொருள்களுக்கு மாதிரி எழுதி, சிறு வியாபாரிகளிடம் கொண்டுபோங்கள். அவர்களுடைய பழைய வரிகளைப் பழிக்காதீர்கள். அவற்றை முதலாளியே எழுதியிருப்பார். பொருளொன்றுக்கு எவ்வளவு, எத்தனை முறை திருத்தித் தருவது, பணம் எந்நாள் என்பவற்றை முன்னதாகவே தாளில் எழுதி வாங்குங்கள். நாம் வெட்கத்தினால் கேளாது விட்டு இழந்த கூலி கொஞ்சமன்று. தீபாவளிச் சேலைக்கு ஆனி மாதத்திலேயே எழுதவேண்டி வரும். மற்ற மாதங்களிற் சும்மா இருக்கவும் நேரும். ஆகையால் கையிலுள்ள உத்தியோகத்தை உடனே விட்டுவிடாதீர்கள். இப்போது இத்தகைய வரிகளைக் கணினியே எழுதித் தருகிறது. அதைக் காட்டிக் கூலியைக் குறைக்கப் பார்ப்போரும் உளர். அக்கணினி எந்த விளக்கையும் கையில் எடுத்து அளந்ததில்லை என்று நாம் பதில் சொல்வது வழக்கம். சிலர் கேட்பர், சிலர் கேளார்.

சியர்ஸின் பெரிய புத்தகம் 1993இல் நின்றுபோயிற்று.

நேரம் ஆகிவிட்டது; தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். விருப்பமுள்ள இளைஞர் அடுத்த கூட்டத்துக்கு வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவருக. அளவுநாடா நாம் கொண்டுவருவோம்.