மாண்டலின் ஸ்ரீனிவாஸ்: கமகத்தோடு கடல் கடந்தவர்

மாண்டலின் இத்தாலியில் உருவான வாத்தியம். ஜோடி ஜோடியாக எட்டு எஃகுத் தந்திகள், கழுத்தில் நெருக்கமாகப் பதித்த மெட்டுகள், மீட்ட ஒரு சின்ன வில்லை. தந்தியை மீட்டினால் ஒலி எழும். எழுந்த வேகத்திலேயே அடங்கியும் விடும். அதனால்தான் ஒரே சுரத்தைப் படபடவென்று மீட்டி நீட்டுவார்கள். பழைய சினிமாப் பாட்டுகளின் இடையிசையில் கேட்கிற நடுக்கம் அதுதான். அமெரிக்க நாட்டுப்புற இசையில் இதற்குப் பங்காளி பாஞ்சோ. அதன் ஒலியும் நிற்காது.

கர்நாடக இசைக்கு இது சாதாரணக் குறை அல்ல. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போவதிலும், நின்ற இடத்திலேயே அசைவதிலும்தான் ராகத்தின் முகம் தெரிகிறது. தோடி ராகத்தின் காந்தாரத்தை இந்த அசைவு, அதாவது கமகம், இல்லாமல் வாசித்தால் அது தோடியே இல்லை. வீணையில் மெட்டுகளை மெழுகின் மேல் உயர்த்திப் பதித்திருப்பதால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்கலாம். மாண்டலினின் குட்டையான மெட்டுகளில் அதற்கு வசதி குறைவு. வடக்கே சினிமா இசையமைப்பாளர் சஜ்ஜாத் உசேன் இதில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்துக் காட்டியிருந்தார். தெற்கே கச்சேரி மேடையின் நடுவில் இதை உட்கார வைத்தவர் உப்பலபு ஸ்ரீனிவாஸ்.

ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்துப் பாலகொல்லுவில் 1969 பிப்ரவரி 28 அன்று பிறந்தவர். தந்தை சத்யநாராயணாவும் இசை கற்றவர். ஆறு வயதில் மகன் மாண்டலினைக் கையில் எடுத்ததும், புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துப் பாடத்தைத் தொடங்கிவைத்தார். வாசுராவ் என்ற கிடார் கலைஞர் மேற்கத்திய இசையை அறிமுகப்படுத்தினார். கர்நாடக இசை கற்பித்தவர் ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கேட்டு வாத்தியத்தில் கொண்டுவருவான். விரல் இப்படிப் போக வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லாததே நல்லதாகப் போயிற்று எனலாம். மாண்டலினுக்கு என்று இருந்த பழக்கங்கள் கையில் ஏறவில்லை. குருவின் குரல்தான் ஏறியது.

1978இல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனை விழாவில் முதல் கச்சேரி. குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்த பிறகு, 1981 டிசம்பர் சீசனில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் வாசித்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. இது கர்நாடக இசைக்கு ஒத்துவரும் வாத்தியமா என்ற கேள்வி எழாமல் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாலுசுவாமி தீட்சிதர் வயலினை எடுத்தார், ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டைக் கச்சேரி வாத்தியம் ஆக்கினார். வெளியிலிருந்து வந்தது என்பது இவற்றுக்குத் தடையாக இருக்கவில்லை. கமகம் பேசுகிறதா என்பதுதான் சோதனை.

அதில் தேற, வாத்தியத்தையே மாற்றினார் ஸ்ரீனிவாஸ். ஜோடித் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்துக்கொண்டார். ஒற்றைத் தந்தி விரலுக்கு எளிதில் வளையும். கூடுதல் தந்தி கீழ் ஸ்தாயிக்கு இடம் தந்தது. மரப்பெட்டி மாண்டலினிலிருந்து மின்மாண்டலினுக்கு மாறினார். ஒலிபெருக்கி வழியே ஒலி நீண்டு நிற்பதால், ஒருமுறை மீட்டிவிட்டு, அந்த ஒலி அடங்குவதற்குள் இடக்கை விரலை மெட்டுகளின் மேல் இழுத்துப் பல சுரங்களைத் தொட முடிந்தது. பாடகர் ஒரே மூச்சில் பாடுவதற்கு இது சமம். அவருடைய வேகத்தைப் பேசியவர்கள் அதிகம். உண்மையில் விளம்ப காலத்தில் இழுக்கும் அந்த ஒற்றை மீட்டல்தான் பெரிய வேலை.

1983இல் பெர்லின் ஜாஸ் விழா. பதினான்கு வயதுக்காரர் அங்கே வாசித்ததும் கர்நாடக இசைதான். 1995இல் கனடா கிடார் கலைஞர் மைக்கேல் புரூக்குடன் ‘டிரீம்’ என்ற தொகுப்பு வந்தது. பிறகு கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் ‘ரிமெம்பர் சக்தி’ குழு: தபலாவில் ஜாகிர் உசேன், கஞ்சிராவில் கடம் வித்வான் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், பின்னர் பாட்டுக்குச் சங்கர் மகாதேவன். 2000இல் வெளிவந்த ‘தி பிலீவர்’ நேரடிக் கச்சேரிப் பதிவில் கிடாரும் மாண்டலினும் மாறி மாறிக் கேள்வி பதில் நடத்துவதைக் கேட்கலாம். மெக்லாஃப்லின் ஜாஸ் மொழியில் கேட்பார். பதில் ராகத்தில் வரும். 2003இல் ஆங்கிலேய இசையமைப்பாளர் மைக்கேல் நைமனின் ‘சங்கம்’ தொகுப்பிலும் அப்படியே, சுற்றிலும் மேற்கத்திய வாத்தியக் குழு, நடுவில் மாண்டலின். இவர் போன இடமெல்லாம் வேற்றிசை ஆனாலும், கையில் இருந்தது சுப்பராஜு பாடிக் காட்டியதுதான்.

பாஞ்சோவுக்கும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி உண்டு. ஜாகிர் உசேன் அமெரிக்க பாஞ்சோ கலைஞர் பெலா ஃபிளெக்குடனும் வாசித்தார். புல்லாங்குழல் ராகேஷ் சௌராசியாவும் சேர்ந்த அவர்களுடைய தொகுப்பு 2024இல் கிராமி பெற்றது. அதே விழாவில் மெக்லாஃப்லினின் சக்தி குழுவின் புதிய தொகுப்புக்கும் விருது கிடைத்தது. அதற்கு முன்பே மறைந்துவிட்ட ஸ்ரீனிவாஸ் அதில் இல்லை.

சென்னையில் அவர் குடியிருந்தது வடபழனி. 1998இல் பத்மஸ்ரீ, பின்னர் சங்கீத நாடக அகாதெமி விருது. தம்பி ராஜேஷையும் மாண்டலின் கலைஞராக்கி, அவரோடு ஜோடிக் கச்சேரிகள் செய்தார். இருவரும் சேர்ந்து 2008இல் ‘சம்ஜனிதா’ தொகுப்பை வெளியிட்டனர். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்களால் 2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் காலமானார், வயது 45. ராஜேஷ் தொடர்ந்து வாசித்துவருகிறார்.