ஒரு பந்தும் உலகப் பரிசும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"பந்து அடிச்சா சோறு கிடைக்குமா?" என்று பிள்ளைகளைக் கேட்கிறோம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம் பினாங்கில் நடந்ததையும் கேளுங்கள்.

2016 பிப்ரவரி 16. ஜார்ஜ் டவுன் சிட்டி ஸ்டேடியத்தில் பகாங் அணியோடு ஆட்டம். பினாங்குக்கு ஆடிய 28 வயது பைஸ் சுப்ரி, வெகு தொலைவிலிருந்து ஃப்ரீ கிக் அடித்தார். பந்து ஒரு பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, காற்றிலேயே திரும்பி, மறுபக்கம் வலைக்குள் பாய்ந்தது. கோல் கீப்பர் ஏமாந்து போனார். இது மாயமில்லை, மாணவர்களே! அதிகம் சுழலாமல் பறக்கும் பந்தைக் காற்று இப்படியும் அப்படியும் தள்ளும். அது அறிவியல் பாடம்.

2017 ஜனவரி 9-இல் சூரிக் நகரில், ஆண்டின் மிகச் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதை ஃபிஃபா அவருக்கு வழங்கியது. ரொனால்டோ, நெய்மார் போன்றோர் பெற்ற விருது அது. ஆசியர் ஒருவர் பெற்றது அதுவே முதன்முறை.

ஆனால் அதே 2017-இல் பினாங்கு அணி சூப்பர் லீக்கில் கடைசி இடத்துக்குப் போய்க் கீழிறங்கியது. விளையாட்டில் ஏற்றமும் இறக்கமும் அவ்வளவு நெருக்கம். ஆட்டக்காரரின் காலமோ குறுகியது.

ஆகவே பெற்றோர்களே, திடலுக்குப் போற பிள்ளையைத் தடுக்காதீங்க. மாணவர்களே, பந்துக்காகப் புத்தகத்தைக் கைவிடாதீங்க. காலுக்கு ஓய்வு வரும். கற்ற கல்விக்கு ஓய்வில்லை.